கீல் நகரத்து ஒன்பது நாள் தலைவலி

ஹெர்னியா ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் எழுந்து உட்கார்ந்தேன். பின்மண்டையிலிருந்து நெற்றி வரைக்கும் இழுத்துக் கட்டின மாதிரி ஒரு வலி. படுத்தால் கொஞ்ச நேரத்தில் காணாமல் போயிடும், உட்கார்ந்தால் திரும்ப வந்துடும். இவ்வளவு ஒழுங்காக ரீப்ரொட்யூஸ் ஆகிற பக்கை என் இருபது வருஷ சாஃப்ட்வேர் வேலையில் பார்த்ததில்லை. "முதுகுல ஊசி போட்டா சிலருக்கு வரும் சார், படுத்தே இருங்க, நிறைய தண்ணி குடிங்க" என்றார் டியூட்டி டாக்டர். ஏன் வருதுன்னு படுத்தபடியே தேடியதில் ஆகஸ்ட் பியர் கிடைத்தார்.

1861-ல் ஜெர்மனியின் ஹெல்சன் என்ற ஊரில் பிறந்தவர். கீல் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற எஸ்மார்க்கிடம் உதவியாளராக இருந்தார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து என்றால் ஈதர் அல்லது குளோரோஃபார்ம்தான். கத்தி படுவதற்கு முன்பே குளோரோஃபார்மில் இறந்தவர்கள் உண்டு. முழு மனிதனையும் தூங்க வைக்காமல் கால்களை மட்டும் மரத்துப்போக வைக்க முடியுமா? இதற்கான பாகங்கள் ஏற்கெனவே தனித்தனியாகக் கிடந்தன. கோக்கெய்ன் கண்ணை மரத்துப்போக வைக்கும் என்று 1884-ல் வியன்னாவின் கார்ல் கோலர் காட்டியிருந்தார். கீலிலேயே இருந்த குவிங்கே, 1891-ல் இடுப்பெலும்புகளுக்கு நடுவே ஊசி செருகித் தண்டுவடத் திரவத்தை எடுக்கும் முறையைச் சொல்லியிருந்தார். பியர் இரண்டையும் இணைத்தார். திரவத்தை வெளியே எடுப்பதற்குப் பதில் மருந்தை உள்ளே விட்டார்.

1898 ஆகஸ்ட் 16. 34 வயதுத் தொழிலாளி ஒருவருக்குக் கணுக்கால் மூட்டில் காசநோய். முதுகில் 15 மில்லிகிராம் கோக்கெய்ன் ஏற்றினார்கள். ஆபரேஷன் வலியில்லாமல் முடிந்தது. ஆனால் பிற்பாடு வாந்தி, தலைவலி. அதே மாதம் இன்னும் சிலருக்கும் இதைச் செய்தார். தலைவலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள, ஆகஸ்ட் 24 அன்று தானே படுத்துக்கொண்டார்.

ஊசி போட்டவர் உதவியாளர் ஹில்டப்ராண்ட். ஊசி சரியாகவே இறங்கியது, சிரிஞ்சுதான் அதில் பொருந்தவில்லை. நம்ம பாஷையில் இன்டர்ஃபேஸ் மிஸ்மேட்ச். மருந்தில் பெரும்பகுதி வெளியே சிந்த, பியரின் தண்டுவடத் திரவமும் கணிசமாக ஒழுகிப் போனது. முயற்சியைக் கைவிட்டார்கள். உடனே ஹில்டப்ராண்ட் "எனக்குப் போடுங்கள்" என்று படுத்தார். இம்முறை எல்லாம் பொருந்தியது.

அடுத்த முக்கால் மணி நேரத்தைப் படிக்கும்போது சிரிக்கவா பயப்படவா என்று தெரியவில்லை. தொடையில் எலும்பு வரை ஊசியால் குத்தினார் பியர். எரியும் சுருட்டைக் காலில் வைத்தார். சூடு தெரிந்தது, வலி தெரியவில்லை. 23-ஆவது நிமிடம் இரும்புச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே ஓங்கி அடித்தார். அதற்கப்புறம் விதைப்பையை அழுத்தி இழுத்தார். எதற்கும் வலியில்லை. வேலை முடிந்ததும் இருவரும் நன்றாகச் சாப்பிட்டு, ஒயின் குடித்து, சுருட்டுப் பிடித்தார்கள்.

மறுநாளிலிருந்து பியருக்குத் தலைவலி. படுத்தால் போகும், எழுந்தால் வரும். ஒன்பது நாள் நீடித்தது. ஹில்டப்ராண்டுக்கும் தலைவலி, வாந்தி. கூடவே கால்களில் கன்றிப்போன காயங்கள்.

ஒழுகிய திரவம்தான் காரணம் என்று பியர் அப்போதே சந்தேகித்தார். அது சரிதான். மூளை அந்தத் திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. ஊசித் துளை வழியே திரவம் கசிந்தால் மிதப்பு குறையும். எழுந்து உட்காரும்போது மூளை லேசாகக் கீழிறங்கி, சுற்றியுள்ள உறைகளை இழுக்கும். இன்றைக்குப் பென்சில் முனை போன்ற மெல்லிய ஊசிகள் வந்துவிட்டதால் இந்தத் தலைவலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. நம்ம வீடுகளில் சிசேரியனுக்குப் பிறகு வரும் ஆயுள்கால இடுப்புவலிக்கு "அந்த ஊசிதான்" என்பார்கள். அதற்கு ஆதாரமில்லை. ஊசி இறங்குவது தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே. குத்தின இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், அவ்வளவுதான்.

பியரைத் தன்னையே பலிகொடுத்த வீரராக எழுதுகிறார்கள். தேதிகளைப் பாருங்கள்: அந்தத் தொழிலாளிக்கு 16-ஆம் தேதி, தனக்கு 24-ஆம் தேதி. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் பெர்லினில் பேராசிரியர் ஆனார். 1908-ல், காலையோ கையையோ இறுக்கிக் கட்டி ரத்தக்குழாயிலேயே மருந்து ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். அது இன்னும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. முதல் உலகப்போரில் தலைக்காயங்களைப் பார்த்து, பொறியாளர் ஷ்வெர்டுடன் சேர்ந்து ஜெர்மானிய எஃகுத் தலைக்கவசம் உருவாகக் காரணமானார். 1937-ல் நாஜி அரசின் தேசியப் பரிசை இன்னொரு பெரிய அறுவை மருத்துவரான சாவர்புரூக்குடன் சேர்ந்து பெற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லியாகணும். கடைசிக் காலம் சாவன் கிராமத்தில், அவரே வளர்த்த கலப்புக் காட்டில் கழிந்தது. 1949-ல் இறந்தார்.

எனக்கு மனசில் நிற்கிறது ஹில்டப்ராண்ட்தான். 1899-ல் வெளியான கட்டுரையில் ஆசிரியராக பியர் பெயர் மட்டும். சுத்தியல் அடி வாங்கினவர் பெயர் உள்ளே, சோதனைக்கு ஆளானவராக. பிற்பாடு இருவருக்கும் பிணக்கு. 1885-லேயே நியூயார்க்கில் முதுகில் கோக்கெய்ன் செலுத்திப் பார்த்த லெனார்ட் கார்னிங்தான் முதல்வர் என்று ஹில்டப்ராண்ட் வாதாட ஆரம்பித்தார்.