ஜப்பானிய ஓவியத்தில் அரண்மனைப் பெண்கள்

ஜப்பானின் பழைய அரண்மனை ஓவியங்களில் பெண்களின் முகங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். வெளுத்த முகம், கண்ணுக்கு ஒரு மெல்லிய கோடு, மூக்குக்குச் சிறு கொக்கி, வாய்க்குச் சிவப்புப் புள்ளி. புருவத்தை மழித்து நெற்றியின் மேல்பகுதியில் மை தீட்டிக்கொள்ளும் அக்கால ஒப்பனையும் அப்படியே படத்தில் ஏறியிருக்கும். முகங்களின் இந்த எளிமை கைத்திறன் போதாமையால் வந்ததல்ல. உற்றுப் பார்த்தால், அந்த ஒற்றைக் கண்கோடே பல நுண்கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழைத்து வரைந்தது என்று தெரியும்.

ஹெயான் காலத்தில் (794–1185) உயர்குடிப் பெண்கள் நெருங்கிய உறவினர் அல்லாத ஆண்களுக்கு முகம் காட்டுவதில்லை. தட்டிக்கும் திரைச்சீலைக்கும் பின்னால் அவர்கள் வாழ்ந்தார்கள். வெளியே தெரிந்ததெல்லாம் அடுக்கடுக்காக உடுத்திய ஆடைகளின் விளிம்பும் தரையில் புரளும் கூந்தலும்தான். பருவத்துக்கேற்ப நிறங்களை அடுக்கத் தெரிவதே ஒரு பெண்ணின் நயத்துக்கு அளவுகோலாக இருந்தது. ஓவியர்கள் ஆடைக்கும் கூந்தலுக்கும் அத்தனை இடம் தந்ததற்கு இதுவே காரணம்.

இந்த மரபின் உச்சம், 12ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தீட்டப்பட்ட, கெஞ்சி கதையைச் சித்தரிக்கும் ஓவியச் சுருள். கதையை எழுதிய முராசாகி ஷிகிபுவே பேரரசியிடம் பணிபுரிந்த பெண். சுருளில் எஞ்சிய பகுதிகள் நகோயாவின் டோகுகாவா கலை அருங்காட்சியகத்திலும் டோக்கியோவின் கோட்டோ அருங்காட்சியகத்திலும் உள்ளன. தீட்டிய முறை இது: முதலில் மையால் கோட்டோவியம். அதை மறைக்கும்படி அடர்ந்த வண்ணப் பூச்சு. அதன்மேல் முகத்தையும் கூந்தலையும் மீண்டும் மையால் தீட்டுதல். வீட்டின் கூரையை எடுத்துவிட்டு, மேலிருந்து அறைக்குள் பார்ப்பதுபோல் காட்சிகள் அமைந்துள்ளன.

முகம் அசையாதபோது துயரத்தை எப்படிக் காட்டுவது? சாகும் தறுவாயில் முராசாகி என்னும் நாயகி கதைத்தலைவன் கெஞ்சியோடு அமர்ந்திருக்கும் காட்சியில் அறையின் கோடுகள் வெகுவாகச் சரிகின்றன. தோட்டத்தில் இலையுதிர்காலப் புற்கள் காற்றில் சாய்கின்றன. அந்தச் சரிவைப் பார்த்தாலே நெஞ்சு கனக்கிறது. கண்ணீர் வழியும் முகம் இதைவிட அதிகமாகச் சொல்லியிருக்க முடியாது. எல்லாமே துயரமும் அல்ல. இன்னொரு காட்சியில், கணவன் படிக்கும் கடிதத்தைப் பறிக்க மனைவி பின்னாலிருந்து நெருங்குகிறாள். வேறொன்றில் ஒருத்தியின் கூந்தலைப் பணிப்பெண் வார, தோழி கதை வாசிக்க, இளம்பெண் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, 36 கவிஞர்களைத் தீட்டிய சதாகே சுருளில், பேரழகி என்று புகழ்பெற்ற ஓனோ நோ கொமாச்சி முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார். அழகைக் கற்பனைக்கே விட்டுவிட்ட துணிச்சல் அது. பின்னர் தோசா ஓவிய மரபினர் கெஞ்சி சுருளின் முறையைத் தொடர்ந்தனர். தோசா மிட்சுநோபு 1510இல் கெஞ்சி கதையின் 54 அத்தியாயங்களுக்கும் ஒவ்வொரு படமாகத் தொகுப்பு ஒன்றை முடித்தார். இந்த மரபு நம் காலத்திலும் மறக்கப்படவில்லை: 2000ஆம் ஆண்டில் வெளியான 2000 யென் தாளின் பின்புறத்தில் கெஞ்சி சுருளின் காட்சியும் முராசாகி ஷிகிபுவின் உருவமும் அச்சாகியுள்ளன.