கலங்கலும் பால்வெண்மையும்: மருத்துவப் பெயர்ப்பில் ஒரு சொல்லின் எல்லை

சிறுநீரகம் செயலிழந்தவரின் வயிற்றறையைப் போர்த்திருக்கும் சவ்வையே வடிகட்டியாகக் கொள்வது வயிற்றுச்சவ்வு டயாலிசிஸ் ஆகும். உட்செலுத்திய நீர்மம் சில மணிநேரம் தங்கிக் கழிவுகளுடன் பையில் வடிகிறது. அது தெளிவாக இருத்தல் வேண்டும். அச்சிட்ட தாளின்மீது பையை வைத்து எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்குமாறு நோயாளிகளுக்குக் கற்பிப்பதுண்டு. எழுத்து மறைந்த நிலையைக் குறிக்க ஆங்கிலம் மேகத்தை அடியாகக் கொண்ட பெயரடையை ஆள்கிறது. அதனை 'மேகமூட்டமான' என்று பெயர்த்தால் வானிலை அறிக்கையாகிவிடும். 'கலங்கல்' என்பதே தமிழ் மரபு.

ஆயினும் கலங்கல், அடிமண் கிளர்ந்த புதுவெள்ளத்தை நினைவூட்டும் சொல். பால்போல் வெளுத்த நீரைக் கலங்கல் என்று எவரும் இயல்பாகக் கூறுவதில்லை. சிக்கல் இங்கேதான் எழுகிறது.

கலங்கிய நீர்மத்தை மருத்துவர் முதலில் தொற்றாகவே கருதுவர். ஒரு கன மில்லிமீட்டரில் வெள்ளணுக்கள் 100க்கு மேற்பட்டு, அவற்றுள் பாதிக்கு மேல் நியூட்ரோஃபில்களாக இருப்பின் ஐயம் வலுக்கும். கிருமி வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்கப்பெறும். கிருமி வளராதபோதுதான் அரிய காரணங்கள் ஆராயப்படுகின்றன. இயோசினோஃபில் அணுக்கள் மிகுந்திருப்பின் ஒவ்வாமை எண்ணப்படும். குழாய் பொருத்திய தொடக்க நாள்களில் இது தோன்றித் தானே தணிவதும் உண்டு. ஃபைப்ரின் இழைகளும், அரிதாகப் புற்றணுக்களும் தெளிவைக் கெடுக்கும்.

பால்வெண்மையின் கதை வேறு. அங்கே அணுக்கள் குறைவு, டிரைகிளிசரைடு மிகுதி. நிணநீர் நாளக் காயம், நிணநீர்ப் புற்று, கணைய அழற்சி ஆகியன காரணமாகலாம். இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் லெர்கானிடிபின், மானிடிபின் போன்ற மருந்துகளாலும் இது நேர்வதுண்டு; மருந்தை நிறுத்தினால் நீர்மம் விரைவில் தெளியும். இதனை அறியாவிடில் தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் தொடரும்.

எனவே மருத்துவருக்கான நூலில் 'கலங்கல்', 'பால்வெண்மை', 'இழைபடிதல்' எனச் சொற்கள் பிரிந்து நிற்றல் வேண்டும். நோயாளிக்கான கையேட்டிலோ அப்பிரிவே தீங்காகும். 'கலங்கினால் தெரிவிக்கவும்' என்று மட்டும் படித்தவர், வெளுத்த பையைக் கண்டு வாளாவிருக்கக்கூடும். வெளுப்பின் உள்ளே தொற்று இல்லை என்பதைக் கண்ணால் உறுதிசெய்ய இயலாது. ஆங்கே 'கலங்கினாலும் பால்போல் வெளுத்தாலும், பையினூடே எழுத்துத் தெரியாவிடில் பையுடன் உடனே வருக' என்பதே தக்க பெயர்ப்பாகும். மூலத்தின் ஒரு சொல்லுக்கு இத்தனை சொற்களா என்று பதிப்பாசிரியர் கேட்பர், கேட்டாலும் குறைக்கலாகாது.