தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ் (இசைத்தொகுப்பு)

தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ் என்பது பெங்களூரைச் சேர்ந்த அகம் என்னும் ராக் இசைக்குழு 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு ஆகும். கருநாடக இசைப் பாடல்களையும் ராகங்களையும் மின்கிட்டார், டிரம்ஸ் ஆகியவற்றோடு சேர்த்து இதில் அமைத்துள்ளனர்.

தோற்றம்

அகம் குழு 2003இல் உருவானது. ஹரிஷ் சிவராமகிருஷ்ணன் பாடகரும் வயலின் கலைஞரும் ஆவார். சுவாமி சீதாராமன் கீபோர்டு வாசிப்பதுடன் பாடல்களும் எழுதுகிறார். பிரவீன் குமார் முதன்மைக் கிட்டார் கலைஞர். குழுவினரில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே இசையிலும் ஈடுபட்டவர்கள். 2007இல் சன் தொலைக்காட்சியின் 'ஊ ல ல லா' போட்டியில் இக்குழு வென்றது. அதன் பின்பும் முதல் தொகுப்பு வெளிவர ஐந்து ஆண்டுகள் ஆயின. அகம் என்றால் உள்ளம்; உள்ளம் விழித்தெழுகிறது என்பதே தொகுப்பின் ஆங்கிலத் தலைப்புக்கும் பொருள்.

ராகமும் கிட்டாரும்

கருநாடக இசை ஒற்றை மெட்டின் வழியே வளர்வது. ராக் இசையோ பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கார்டுகளைச் சார்ந்தது. கார்டில் ராகத்துக்கு அயலான ஒரு சுரம் வந்தாலும் ராகத்தின் சாயல் கெட்டுவிடும். இத்தகைய இசைக்கு இதுவே முதன்மையான சிக்கல்.

தொகுப்பில் உள்ள 'ஸ்வான்ஸ் ஆஃப் சரஸ்வதி' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இது தியாகராஜர் அம்சநாத ராகத்தில் அமைத்த 'பண்டுரீதி கோலு' என்னும் தெலுங்குக் கீர்த்தனையை அடிப்படையாகக் கொண்டது. அம்சநாதத்தில் காந்தாரம் இல்லை. இன்று பரவலாகப் பாடப்படும் முறையில் தைவதமும் வருவதில்லை. எஞ்சும் ஐந்து சுரங்களில் ச–ப, ப–ரி, நி–ம என மூன்று பஞ்சம இணைகள் உள்ளன. ஒரு சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் மட்டும் ஒலிப்பதே ராக் கிட்டாரின் 'பவர் கார்டு'. ஆகவே, அயல் சுரம் கலக்காமலேயே கிட்டாரைக் கனமாக ஒலிக்கச் செய்ய இந்த ராகம் இடம் தருகிறது. சுவாதித் திருநாளின் தனஸ்ரீ தில்லானாவும் இத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

மரபும் மாற்றமும்

பழைய பாடல் புதிய இசையமைப்பைப் பெறுவது தமிழுக்குப் புதிதன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதுக்கும் 20ஆம் நூற்றாண்டில் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் ராகம் அமைத்தார். அவையே இன்று கச்சேரிகளில் பெரிதும் பாடப்படுகின்றன. ஆனால் கீர்த்தனையின் நிலை வேறு. அதில் சொல் மட்டுமன்றி மெட்டும் அதை இயற்றியவருடையது. மெட்டைக் கைவிட்டால் பாடலே வேறாகிவிடும். எனவே கீர்த்தனையை ராக் இசைக்குக் கொண்டுவருவோர் குரலின் மெட்டைக் காத்து, அதைச் சூழும் தாளத்திலும் ஒலியிலுமே புதுமை செய்ய வேண்டியுள்ளது.

அகம் குழுவின் இரண்டாவது தொகுப்பான 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' 2017இல் வெளியானது.