வீடற்றவர் யார் என்பதை அடுப்பு முடிவு செய்கிறது

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குக் குறித்திருக்கும் நேரம் 2027 மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவு. அதற்கு முந்தைய இரவில்தான் வீடற்றோரை எண்ணுவது வழக்கம். 2011-லும் பிப்ரவரி 28 இரவில்தான் எண்ணினார்கள். திருச்சி மாவட்டத்தின் தொட்டியம், முசிறி பக்கமிருந்து எனக்கு வந்த கடிதங்களில் குழப்பம் ஒன்றுதான். கோயில் மண்டபத்தில் படுப்பவர், காப்பகத்தில் இருப்பவர், மனநல மருத்துவமனையில் வருடக்கணக்காகக் கிடப்பவர், இவர்களில் யார் வீடற்றவர்? திரும்பிப் போக மூவருக்கும் வீடில்லையே என்கிறார்கள். அரசுக் கணக்கில் முதலாமவர் மட்டுமே வீடற்றவர்.

காரணம் படிவத்தின் அமைப்பு. உங்களுக்கென்று வீடு உண்டா என்று அது பார்ப்பதில்லை; எங்கே தங்குகிறீர்கள், எந்த அடுப்பில் சாப்பிடுகிறீர்கள் என்றே பார்க்கிறது. 2011 வரையறைப்படி நடைபாதை, மேம்பாலத்தடி, சிமெண்டுக் குழாய், ரயில் நடைமேடை, கோயிலின் திறந்த மண்டபம் ஆகியவற்றில் வாழ்பவர்கள் வீடற்ற குடும்பம். உறவில்லாத பலர் ஒரு நிறுவனத்தில் தங்கிப் பொதுச் சமையலில் சாப்பிட்டால் அது நிறுவனக் குடும்பம். மாணவர் ஹாஸ்டல், சிறைச்சாலை, முதியோர் இல்லம், மீட்பு இல்லம் எல்லாம் இந்த ஒரே பெட்டிக்குள் அடங்கும். அதே உறவில்லாதவர்கள் ஒரு வாடகை வீட்டில் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டால் சாதாரணக் குடும்பம். விளைவைப் பாருங்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் படுத்திருப்பவரைப் பிப்ரவரி 27 அன்று வேனில் ஏற்றிக் காப்பகத்தில் சேர்த்துவிட்டால் வீடற்றோர் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிடும். ஊரில் ஒரு வீடுகூடக் கூடியிருக்காது. மனநலம் வேண்டி ஒரு மண்டலம் தங்கும் குணசீலம் கோயிலுக்கு வந்தவரை வீட்டார் கைவிட்டுப் போனால், அவர் திறந்த மண்டபத்தில் படுத்தால் ஒரு கணக்கு, இல்லத்துக்குள் படுத்தால் வேறு கணக்கு. நாட்டில் வீடற்றோர் 2001-ல் 19.43 லட்சமாக இருந்து 2011-ல் 17.73 லட்சமாகக் குறைந்தார்கள் என்பதை இதை மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அதே பத்தாண்டில் நகரங்களில் மட்டும் 7.78 லட்சம் 9.38 லட்சமாக ஏறியதை அரசு விளம்பரங்கள் உரக்கச் சொல்வதில்லை.

ஆளை ஏதாவதொரு பெட்டியில் போடாவிட்டால் ஒருவரையே இரண்டு முறை எண்ண நேரும் என்று கணக்கெடுப்புத் துறை சொல்லலாம். நியாயம்தான். மழை இரவில் காப்பகம் படித்துறையைவிட எவ்வளவோ மேல் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் எண்ணுவதற்காக வகுத்த பெட்டியைத் தேவையின் அளவுகோலாக எடுத்துக்கொள்வதில்தான் தப்பு நடக்கிறது. 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்த விஷயத்தில் படிவத்தைவிடத் தெளிவானது. குடும்பம் இல்லை, ஏற்க மறுக்கிறது, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அதன் 19-வது பிரிவு. நிலையத்தில் இருப்பவரும் வீடற்றவராக இருக்கலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது என்றுதானே பொருள்? வெளியே போக வழியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 1993-ல் சென்னையில் தொடங்கிய ‘தி பேன்யன்’ அமைப்பு, 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில், தெருவிலும் மருத்துவமனையிலும் நெடுங்காலம் இருந்தவர்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் குடிவைக்கிறது. உடனிருக்க ஓர் உதவியாளர் உண்டு. காய்கறி வாங்குவதும் இன்று என்ன குழம்பு என்று சண்டை போடுவதும் அவர்கள் பாடு. படிவத்தின் சொற்படி இது சாதாரணக் குடும்பம். இங்கே எண்ணிக்கை குறைந்தால் அது நிஜமான குறைவு. கனடாவில் 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் வீடற்ற இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்விலும், முதலில் வீட்டைக் கொடுத்து அதன்பின் உதவியைத் தொடர்ந்தபோது, வழக்கமான சேவை பெற்றவர்களைவிட அதிக நாள் அவர்கள் வீட்டில் நிலைத்தார்கள்.

செலவு தாங்காது என்பது அடுத்த ஆட்சேபம். வாடகையும் உதவியாளர் சம்பளமும் புதிய செலவாகக் கண்ணை உறுத்துகின்றன. மருத்துவமனைப் படுக்கைக்கு வருடக்கணக்கில் ஆகும் செலவு பழைய பட்ஜெட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆட்சேபிக்கட்டும். இவர்களுக்கு வீடு தர வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள் என்பதுதான் எனக்கு இதைவிடக் கனமான ஆட்சேபமாகப் படுகிறது. அதற்குப் பணம் மட்டும் பதிலாகாது. தெருவில் நாலு பேரிடம் நின்று பேச ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் சம்பளம் வேண்டும்.

கடிதங்களில் இருந்த மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. எண்ணப்படுவதற்கு ஆதார் வேண்டுமா? எந்த ஆவணமும் வேண்டாம். சொன்ன விவரம் போலீசுக்குப் போகுமா? 1948-ன் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம் 15-வது பிரிவில் அதைத் தடுக்கிறது. பெயர் கொடுத்தால் வீடு கிடைக்குமா? அதனால் மட்டும் கிடைக்காது. தொட்டியத்துக்குக் காப்பகம் வருமா? உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது லட்சம் பேருக்கு ஒன்று; அந்த வாய்பாட்டில் 2011-ல் எட்டரை லட்சத்தை ஒட்டியிருந்த திருச்சி மாநகராட்சிக்கு எட்டு தேறும், லட்சத்தில் கால்வாசிகூட இல்லாத தொட்டியம் பேரூராட்சிக்கு ஒன்றும் தேறாது.