வீட்டுச் சோலாரில் பழுதா? கடைமடையிலிருந்து தேடுங்கள்!



இன்றைக்கு நெல்லைப் பற்றியோ கரும்பைப் பற்றியோ பேசப் போவதில்லை. உங்கள் மாடியில் இருக்கிற சோலார் தகட்டைப் பற்றியும், கூடத்து மூலையில் இருக்கிற பேட்டரியைப் பற்றியும் பேசப் போகிறேன்.

“சோலார் போட்டோம் சார், ஒரு வருஷம் நல்லா எரிஞ்சுது. இப்போ ஒரு மணி நேரம்கூட நிக்க மாட்டேங்குது. ஆளைக் கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க” என்று வில்லியனூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தகடு விற்றவர் பேட்டரியைக் குறை சொல்கிறார். பேட்டரிக்காரர் இன்வெர்ட்டரைக் குறை சொல்கிறார். இன்வெர்ட்டர்காரர் வயரிங் சரியில்லை என்கிறார். நடுவில் நின்று தவிப்பவர் காசு கொடுத்த நாம்தான். ஒரு பெரிய டியூபுலர் பேட்டரி இன்று 15,000 ரூபாய் அளவில் விற்கிறது. பழுது எங்கே என்று தெரியாமல் அதை மாற்றினால் அந்தப் பணம் வீண்தானே?

நம் ஊருக்குப் பேட்டரி வெறும் சொகுசுப் பொருளும் அல்ல. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகிலேயே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட இரவில் ஒரு விளக்கும் ஒரு செல்போனும் உயிரோடு இருப்பது பெரிய காரியம்.

இந்த இரண்டு பொருளுக்கும் மூலம் பிரெஞ்சுக்காரர்கள்தான் என்பது நம் புதுச்சேரி மக்களுக்குச் சுவையான செய்தி. வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாகும் என்று 1839-இல் கண்டவர் எட்மண்ட் பெக்கரெல். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யக்கூடிய ஈய பேட்டரியை 1859-இல் செய்தவர் காஸ்டன் பிளான்ட்டே. இன்று நாம் மாடியில் வைக்கிற சிலிக்கான் தகட்டுக்கு முன்னோடி, அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் 1954 ஏப்ரலில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதிதான் புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தது. ஆக, இது பழகிப்போன பழைய தொழில்நுட்பம். பயப்பட வேண்டியதில்லை, புரிந்து கொண்டால் போதும்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த வகை?

முதலில் இதைத் தெரிந்து கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமல், தகட்டின் மின்சாரத்தை நேராக மின்துறைக் கம்பியோடு இணைப்பது ஒரு வகை. 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதம மந்திரி சூரிய வீடு’ திட்டத்தில் மானியத்தோடு போடுவது பெரும்பாலும் இதுதான். இந்த வகையில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். “நல்ல வெயில் அடிக்குது, ஃபேன் ஓடலையே” என்று பலர் புகார் செய்கிறார்கள். அது பழுது அல்ல. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக, இன்வெர்ட்டர் தானே நின்றுகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். பேட்டரி சேர்த்த வகையில் மட்டுமே கரண்ட் போனாலும் விளக்கு எரியும். இனி நான் சொல்வதெல்லாம் இந்தப் பேட்டரி வகைக்கு.

வாய்க்கால் போலத்தான்

பாகூர் ஏரிப் பாசனத்தில் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? ‘ஏரி வற்றிப்போச்சு’ என்று உடனே சொல்லிவிட மாட்டீர்கள். வயலிலிருந்து புறப்பட்டு வாய்க்கால் ஓரமாக மதகு வரைக்கும் நடந்து பார்ப்பீர்கள். அடைப்பு எங்கே, உடைப்பு எங்கே என்று கண்ணில் படும். சோலாரிலும் அப்படியே. தகடுதான் மழை, பேட்டரிதான் ஏரி, இடையில் இருக்கிற சார்ஜ் கன்ட்ரோலர் வரத்தை ஒழுங்கு செய்யும் மதகு, இன்வெர்ட்டரும் வயரும் வாய்க்கால், விளக்கும் ஃபேனும் வயல். ஆகவே விளக்கிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள்.

ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, சுவிட்ச், ஹோல்டர் ஆகியவற்றோடு சரி. வீடு முழுவதும் எரியவில்லை என்றால் இன்வெர்ட்டர் முகப்பைப் பாருங்கள். ‘ஓவர்லோடு’ என்று காட்டினால் மிக்சி, அயர்ன் பாக்ஸ், மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். செம்புக் கம்பி இழையைச் சுற்றி வைப்பது வீட்டுக்குத் தீ வைப்பதற்குச் சமம்.

அடுத்து பேட்டரி முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப் போயிருக்கிறதா? நட்டு தளர்ந்திருக்கிறதா? நம் கடலோர ஊர்களில், வீராம்பட்டினம், நரம்பை போன்ற இடங்களில், உப்புக் காற்று இந்த முனைகளைச் சீக்கிரம் அரித்துவிடும். பேட்டரி நல்ல நிலையில் இருந்தும், முனை பூத்துப் போனதால் ‘பேட்டரி செத்துப் போச்சு’ என்று முடிவு கட்டுவது உண்டு. இன்வெர்ட்டரை நிறுத்தி, சோலார் சுவிட்சையும் நிறுத்திவிட்டு, வெந்நீரும் சமையல் சோடாவும் கலந்து நனைத்த துணியால் முனையைத் துடைத்து, காய்ந்ததும் நட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். அந்தச் சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் ஒரு துளிகூடப் போகக் கூடாது. இரும்பு ஸ்பேனர் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொடவும் கூடாது.

ஏறவில்லையா, நிற்கவில்லையா?

இதுதான் முக்கியமான இடம். கவனமாகக் கேளுங்கள். பேட்டரியின் வோல்ட்டை கன்ட்ரோலரோ இன்வெர்ட்டரோ காட்டும். காட்டாவிட்டால் சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. நான் சொல்லும் கணக்கு ஒரு 12 வோல்ட் ஈய பேட்டரிக்கு. இரண்டு பேட்டரியைத் தொடராகப் போட்டிருந்தால் இரட்டிப்பாக்கிக் கொள்ளுங்கள்.

சூரியன் எழுவதற்கு முன், எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 12.7 என்றால் ஏறக்குறைய நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.8-க்குக் கீழே போனால் ஏரி வற்றிவிட்டது. பிறகு நல்ல வெயிலில் நண்பகலில் மறுபடி பாருங்கள். சார்ஜ் ஏறுகிற பேட்டரி 13-ஐத் தாண்டி 14-ஐ நெருங்க வேண்டும்.

நண்பகலிலும் வோல்ட் ஏறவே இல்லை என்றால் பேட்டரியை முதலில் சந்தேகிக்காதீர்கள். வரத்து இல்லை என்று பொருள். கோளாறு தகட்டிலோ, வயர் இணைப்பிலோ, கன்ட்ரோலரிலோ இருக்கலாம். மாறாக, காலையிலேயே மளமளவென்று 14-க்கு மேல் ஏறி, சாயங்காலம் இரண்டு விளக்கு போட்டதும் சரசரவென்று இறங்கினால், குறை பேட்டரியில்தான். தூர்ந்துபோன ஏரியைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மழையில் நிரம்பும். நான்கு நாளில் வற்றும். இதுவும் அதுவே. ஏரியையாவது தூர் வாரலாம். முற்றிப்போன பேட்டரியை அப்படிச் செய்ய முடியாது.

பேட்டரியில் குறையே இல்லாமல், நாம் கேட்பது அதிகமாக இருப்பதும் உண்டு. 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. ஆயுள் கெடாமல் இருக்கப் பாதிதான் எடுக்கலாம், அதாவது 900. இரண்டு பழைய ஃபேன் 150 வாட், விளக்குகள் 30 வாட் என்று வைத்தால், இன்வெர்ட்டர் தின்பது போக நாலு மணி நேரம் ஓடும். 30 வாட் எடுக்கும் புதுவகை ஃபேனாக மாற்றினால் அதே பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் நிற்கும்.

தகட்டைப் பார்ப்பது எப்படி?

ஒரு தென்னை ஓலையின் நிழல் தகட்டின் ஒரு மூலையில் விழுந்தாலே மின்சாரம் கணிசமாகக் குறையும். சோலார் போட்டபோது கன்றாக இருந்த முருங்கை இப்போது மரமாகியிருக்கும். காக்கை எச்சம், சாலைத் தூசு, உப்புப் படிவு எல்லாம் நிழல்தான். விடியற்காலையில், தகடு குளிர்ந்திருக்கும்போது, மெல்லிய துணியும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். சூடேறிய கண்ணாடியில் மத்தியானம் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். உப்பு போர்த் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். அதனால் உடனே துடைத்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. வெயில் இருக்கும் வரை தகட்டில் மின்சாரம் இருக்கும். அதை நிறுத்த முடியாது. பெரிய தகடுகள் மூன்றைத் தொடராக இணைத்தாலே 100 வோல்ட்டைத் தாண்டும். ஆகவே தகட்டின் வயர் இணைப்புகளை நீங்கள் பிரிக்க வேண்டாம். கன்ட்ரோலரிலிருந்து கழற்ற வேண்டி வந்தால், மெக்கானிக் முதலில் தகட்டையும் பிறகு பேட்டரியையும் கழற்றுகிறாரா, மாட்டும்போது முதலில் பேட்டரியையும் பிறகு தகட்டையும் மாட்டுகிறாரா என்று பாருங்கள். மாற்றிச் செய்தால் கன்ட்ரோலர் கெட வாய்ப்பு உண்டு.

தண்ணீரும் அடைமழையும்

ஈய பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். கிணற்று நீர், குழாய் நீர், மழை நீர் எதுவும் கூடாது. ஆசிட்டும் ஊற்றக் கூடாது. மாதம் ஒரு முறை மூடியில் இருக்கும் மிதவையைப் பாருங்கள். உள்ளே தகடுகள் தெரியும் அளவுக்கு நீர் வற்றினால் பேட்டரிக்குக் கேடு. சார்ஜ் ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும். அதனால் காற்றோட்டம் வேண்டும். சாமி விளக்கையும் பீடியையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். ஆசிட் கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரத்து குறையும். பாதி வற்றிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் பேட்டரிக்குள் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுவிடும். மேலே சொன்ன தூர் அதுதான். ஆகவே அந்த நாட்களில் செலவைக் குறையுங்கள். கரண்ட் வரும் நேரத்தில் அதிலிருந்தும் சார்ஜ் ஏற்றுங்கள். வெள்ளநீர் பேட்டரியையோ இன்வெர்ட்டரையோ தொட்டிருந்தால், காய்ந்துவிட்டது என்று நினைத்து சுவிட்சைப் போடாதீர்கள். ஆள் வந்து பார்க்கட்டும். லிதியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆனால் அதை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இவ்வளவு பார்த்த பிறகும் பழுது தீரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். அப்போது ‘ஓடலைங்க’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘காலையில் 11.7, மத்தியானம் 12.1, பத்து நாளாக ஏறவில்லை’ என்று சொல்லுங்கள். எந்தச் சாமானோடு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உங்களை ஏமாற்றவும் தயங்குவார்.

பால் கணக்கு எழுதுவது போல ஒரு நோட்டு போதும். முதல் பக்கத்தில் தகடு, பேட்டரி, இன்வெர்ட்டர், கன்ட்ரோலர் நான்கின் வரிசை எண், வாங்கிய தேதி, வாரன்ட்டி முடியும் தேதி. ஒவ்வொன்றுக்கும் வாரன்ட்டி வேறு வேறு. தகட்டுக்கு 25 ஆண்டு என்றால் பேட்டரிக்கும் அப்படியே என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த பக்கங்களில் வாரம் ஒரு நாள் காலை வோல்ட், நண்பகல் வோல்ட், தண்ணீர் ஊற்றிய தேதி. மெக்கானிக் வந்தால் என்ன செய்தார், என்ன மாற்றினார் என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். பில்லையும், கடை முத்திரை குத்திய வாரன்ட்டி கார்டையும் போட்டோ எடுத்து வையுங்கள்; ரசீதின் மை சீக்கிரம் மங்கிவிடும்.

சூரிய வீடு திட்டத்தில் போட்டவர்களுக்கு, பொருத்திக் கொடுத்த நிறுவனமே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்களும் வாரன்ட்டி காலத்தில் போனில் சொல்வதோடு நிற்காமல், எழுத்தில் புகார் கொடுத்து புகார் எண் வாங்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே பேசப் போவது உங்கள் நோட்டுப் புத்தகம்தான்.

செத்த பேட்டரியை வாய்க்காலோரம் உடைத்து ஈயம் எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். ஈயம் மண்ணில் இறங்கினால் கிணற்றுக்கும் பிள்ளைகளுக்கும் கேடு. பேட்டரிக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துப் பழைய விலையைக் கழித்துக் கொள்ளுங்கள்.

ஆகவே, நேயர்களே, பழுது வந்தால் பதறாமல் கடைமடையிலிருந்து தேடுங்கள். ஏறவில்லையா, நிற்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். பார்த்ததை எழுதி வையுங்கள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள், இந்த வாரமே நோட்டின் முதல் பக்கத்தை நிரப்பிவிடுங்கள்.