பழைய சரக்கிலும் நாணயம்: புதுப்பேட்டையில் ஒரு டிஃபரன்ஷியல் தேடிய அனுபவம்

நமது சங்க உறுப்பினர் ஒருவர் மயிலாப்பூர் மாட வீதியில் பாத்திரக் கடை நடத்தி வருகிறார். அவருடைய தகப்பனார் 1960களில் வாங்கிய வில்லிஸ் வகை ஜீப் ஒன்று இன்றும் ஓடும் நிலையில் இருக்கிறது. சேர்வராயன் மலைச் சரிவில் இருக்கும் குடும்ப நிலத்துக்கு மழைக்காலத்தில் போய் வர அந்த ஜீப்பைத்தான் நம்பியிருக்கிறார். சேற்றில் ஒரு பின்சக்கரம் சிக்கினால் அது மட்டும் வெறுமனே சுழலும், வண்டி நகராது. "லாக் டிஃபரன்ஷியல் போட்டால் சரியாகிவிடும்" என்று மெக்கானிக் சொல்ல, உறுப்பினரும் பழைய பாகக் கடை ஒன்றில் கணிசமான தொகை கொடுத்து ஒன்றை வாங்கிப் பொருத்தினார்.

பொருத்திய மறுநாளே தொல்லை தொடங்கிற்று. கச்சேரி சாலையிலிருந்து திரும்பும்போது பின்டயர் கிறீச்சிட்டது. ஸ்டியரிங் நேராகவே இழுத்தது. இரண்டு மாதத்தில் டயர் தேய்ந்து, ஒரு ஆக்சில் ஷாஃப்டும் முறிந்தது. அவர் நம்மிடம் வந்து முறையிட்டபோது, விஷயத்தை முழுவதுமாக விசாரித்து உறுப்பினர்களுக்குச் சொல்வது பயன்படும் என்று கருதினோம். உதிரி பாகம் விற்பவருக்கு மட்டுமல்ல, பழைய சரக்கைக் கையாளும் எந்த வணிகருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

சரக்கு என்ன, முதலில் தெரிந்துகொள்வோம்

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டும் ஒரே கம்பியில் இறுகியிருந்தால் டயர் தேயும், ஆக்சில் முறியும். இதற்காகத்தான் டிஃபரன்ஷியல். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு குறை உண்டு. பிடிப்பு இல்லாத சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ, அவ்வளவுதான் மற்ற சக்கரத்துக்கும் போகும். ஒன்று சேற்றில் சுழன்றால் மற்றது சும்மா நிற்கும்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இந்தக் குறையைத் தீர்க்கிறது. பரவலான வகையில், உள்ளே கிளட்ச் தட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவை உராய்ந்து, ஒரு சக்கரம் மட்டும் தனியே சுழல்வதைத் தடுக்கும். வளைவில் தேவையான அளவு வழுக்கியும் கொடுக்கும். 1930களில் ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களுக்காக இசட்.எஃப். நிறுவனம் இத்தகைய அமைப்பைச் செய்தது. 1956இல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் இது விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் ஜாகுவார் மார்க் 2 காரின் 3.8 லிட்டர் மாடலில் 'பவர்-லாக்' என்ற பெயரில் இடம் பெற்றது.

நம் ஊர்ப் பழைய கார்களின் நிலை வேறு. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய எதுவும் தொழிற்சாலையிலிருந்து இந்த அமைப்போடு வந்ததில்லை. ஆகவே "அம்பாசடர் லாக் டிஃபரன்ஷியல், ஒரிஜினல்" என்று யாராவது சொன்னால் உஷாராக வேண்டும். வில்லிஸ் வழி வந்த ஜீப்புகளுக்கு மட்டும் ஓரளவு வாய்ப்பு உண்டு. அவற்றில் பலவற்றின் பின் ஆக்சில் டானா 44 வகை. அந்த வகைக்கு அமெரிக்காவில் பவர்-லாக் தயாரானது. பிற்காலத்தில், 2015இல் வந்த மஹிந்திரா தார் வண்டியில் ஈட்டன் நிறுவனத்தின் லாக்கிங் டிஃபரன்ஷியல் வந்தது. அது வேலை செய்யும் விதமே வேறு. பழைய ஜீப்பில் அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது.

புதுப்பேட்டையில் ஒரு காலைப் பொழுது

எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவம் கரையோரம் இருக்கிறது புதுப்பேட்டை. புது உதிரி பாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கழற்றிய பாகத்துக்குப் புதுப்பேட்டை. சென்னை மெக்கானிக்குகளுக்கு இது பாலபாடம். தியாகராய நகர், அடையாறு ஒர்க்‌ஷாப்புகளிலிருந்தும் ஆட்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். கதவு ஒரு கடையில், கியர் பாக்ஸ் அடுத்த கடையில், ஹவுசிங் எதிர்க்கடையில் என்று சரக்கு பிரிந்து கிடக்கிறது. கணினிப் பட்டியல் ஏதுமில்லை; கடைக்காரரின் ஞாபகமே கணக்குப் புத்தகம்.

முன்பு வாங்கிய டிஃபரன்ஷியலையும் சாக்கில் கட்டி எடுத்துப் போயிருந்தோம். மூன்று கடை ஏறி இறங்கினோம். நான்காவது கடையில் வயதான பாய் ஒருவர் அதை மேசைமேல் வைத்துத் துடைத்தார். உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இது லாக்கும் இல்லை, ஒண்ணும் இல்லை. சாதா டிஃபரன்ஷியல்ல உள்ளே இருக்கிற சின்ன கியரை வெல்டிங் வெச்சு அடைச்சிருக்காங்க. ரெண்டு சக்கரமும் சேர்ந்து சுத்துதான்னு பாத்திருப்பீங்க. சுத்தத்தான் செய்யும். திரும்பும்போது என்ன பண்ணும்?"

நமது உறுப்பினர் ஏமாந்த இடம் இதுதான். இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றினால், சாதாரண டிஃபரன்ஷியலில் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். நல்ல லிமிடெட் ஸ்லிப்பில் ஒரே திசையில் சுற்றும். இந்த ஒரு சோதனையைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். வெல்டிங் வைத்ததும் இதில் 'பாஸ்' ஆகிவிடும்.

"உங்ககிட்ட இருக்கா பாய்?" என்று உறுப்பினர் கேட்டார்.

"ஜீப் ஹவுசிங் ரெண்டு இருக்கு. ரெண்டும் சாதா. லாக்னு சொல்லி நான் குடுக்க மாட்டேன். பின்னாடி சந்துல ஒருத்தர்கிட்ட இருக்கும், நான் அனுப்பினேன்னு சொல்லுங்க" என்றார் பாய்.

கையில் காசோடு நிற்கும் வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்பி வைத்தார் அவர். அன்று அவருக்கு வியாபாரம் இல்லை. ஆனால் நமது உறுப்பினர் ஜீப்புக்கு வேண்டிய வேறு மூன்று சாமான்களை அடுத்த வாரமே அவரிடம்தான் வாங்கினார்.

பின்சந்துக் கடையில் டானா வகை பவர்-லாக் ஒன்று கிடைத்தது. தட்டுகள் தேய்ந்திருந்தன, ஆனால் கேஸ் நன்றாக இருந்தது. கடைக்காரர் அதையும் மறைக்காமல் சொல்லி, அதற்கேற்ப விலை குறைத்தார். தட்டுகளை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. சீல், பேரிங் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கிடைத்தன. இப்போது ஜீப் மாட வீதியில் சத்தமில்லாமல் திரும்புகிறது.

வாங்குவோரும் விற்போரும் கவனிக்க வேண்டியவை

ஒன்று: கை சோதனையோடு நிற்கக் கூடாது. முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் டார்க் ரெஞ்ச் கொண்டு சுற்ற வேண்டும். சாதாரணமானது எளிதாகச் சுற்றும். லிமிடெட் ஸ்லிப் எதிர்த்து நின்று, குறிப்பிட்ட விசைக்குமேல் சீராக வழுக்கும். வெல்டிங் வைத்தது அசையாது. வண்டியில் இல்லாத பாகமானால், பழைய ஆக்சில் ஷாஃப்ட் இரண்டைச் செருகி, ஒன்றை வைஸில் பிடித்து மற்றதைச் சுற்றிப் பார்க்கலாம்.

இரண்டு: ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டி, கியர் போட்டுச் சோதிக்கவே கூடாது. தரையில் உள்ள சக்கரம் பிடித்து இழுத்தால் வண்டி ஜாக்கிலிருந்து பாய்ந்துவிடும். உயிருக்கே ஆபத்து.

மூன்று: கிரவுன் வீலும் பினியனும் ஜோடி. பிரித்து விற்கக் கூடாது. பற்களை எண்ணினால் விகிதம் தெரியும். கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் 4.56. நான்கு சக்கர இயக்கமுள்ள ஜீப்பில் முன் ஆக்சில் விகிதமும் இதோடு ஒத்துப்போக வேண்டும். ஆக்சில் ஷாஃப்டின் பற்களையும் எண்ணிச் சரிபார்க்க வேண்டும்.

நான்கு: ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகள் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. நீரில் நின்ற ஆக்சிலின் பேரிங்குகள் வெளியே பளபளத்தாலும் உள்ளே துரு ஏறியிருக்கும்.

ஐந்து: கிளட்ச் தட்டு வகைக்கு அதற்குரிய சேர்மானம் கலந்த கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதாரண ஆயில் ஊற்றினால் திரும்பும்போது அதிர்வும் சத்தமும் வரும். வாடிக்கையாளர் உங்கள் சரக்கைத்தான் குறை சொல்வார். ஆகவே விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பில் இல்லாத சரக்கு வேண்டாம்

பழைய பாகத் தொழிலில் மிகப் பெரிய ஆபத்து திருட்டுச் சரக்கு. திருடியது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு பாயும். யாரிடம் வாங்கினோம், எந்த வண்டியிலிருந்து வந்தது, என்ன தேதி என்று மூன்று வரி எழுதி வைப்பது பெரிய வேலையல்ல. முழு வண்டியைப் பிரித்து அழிப்பதற்கு 2021ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற நிலையங்கள் ஏற்பட்டுள்ளன. அத்தகைய இடங்களிலிருந்து ரசீதோடு வரும் சரக்கு இனி நம் கடைகளுக்குப் பாதுகாப்பு.

வரி விஷயத்திலும் வழி இருக்கிறது. பழைய பொருளை வாங்கி அப்படியே, அல்லது சிறு செப்பனிடலோடு விற்பவர், உள்ளீட்டு வரிக் கழிவு எடுக்காத பட்சத்தில், ஜி.எஸ்.டி. விதி 32(5)இன்படி கொள்முதல் விலைக்கும் விற்பனை விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டும் வரி கட்டலாம். ஆனால் கொள்முதலுக்கு ஆதாரம் இருந்தால்தான் இந்தச் சலுகை கைக்கு வரும். ஆதாரம் இல்லாத வியாபாரத்தில் சலுகையும் போகிறது, நிம்மதியும் போகிறது.

50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது. 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண் பலகை கிடைக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி போன்ற காரியங்களுக்குத்தான் ஓட்டலாம். அன்றாட உபயோகத்துக்குக் கூடாது. சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றமும் இருக்கக் கூடாது. நமது உறுப்பினர் நிலத்துக்குப் போய் வர வேண்டியவர் என்பதால், சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டார். வாடிக்கையாளர் ஆலோசனை கேட்டால் இதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

நிறைவாக ஒன்று. வெல்டிங் வைத்து விற்ற கடைக்கு நமது உறுப்பினரோடு நாமும் போனோம். கடைக்காரர் முதலில் மறுத்தார். மேசைமேல் பிரித்துக் காட்டியதும் மௌனமானார். தாமும் பிறரிடம் 'லாக்' என்று நம்பி வாங்கியதாகச் சொன்னார். உண்மையாக இருக்கலாம். கொடுத்த பணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார். டயருக்கும் ஆக்சிலுக்கும் ஆன செலவு உறுப்பினர் தலையில்தான் விழுந்தது. வாங்கும்போதே பிரித்துப் பார்த்திருந்தால் அந்தக் கடைக்காரரும் நஷ்டப்பட்டிருக்க மாட்டார். அந்தக் கடையின் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. பாயின் கடை எது என்று கேட்டு நம் உறுப்பினர்கள் நான்கு பேர் இதற்குள் சங்க அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிவிட்டார்கள்.