மாசம் 1.2 லட்சமா, 10 ஆயிரமா? ஒரு பேட்டன்ட் அப்பீல் சொல்லும் பணப் பாடம்



ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பிச்சார். தூத்துக்குடி–கொழும்பு வழியில் தனிக்காட்டு ராஜாவா இருந்த ஆங்கிலேயக் கம்பெனி உடனே கட்டணத்தைக் குறைச்சது. போட்டி வந்தா விலை இறங்கும். பேட்டன்ட் என்பது 20 வருஷத்துக்குப் போட்டியே வேண்டாம்னு சட்டம் தரும் உரிமை. அதனால அது யாருக்குக் கிடைக்குதுங்கிறது நம்ம பர்ஸ் விஷயமும்தான்.

கேஸ் என்ன?

ரத்தப் புற்றுநோய் மருந்து 'க்ளிவெக்'. இதுக்காக நோவார்ட்டிஸ் 1998-ல் சென்னை பேட்டன்ட் ஆபீஸில் விண்ணப்பிச்சது. மருந்தின் மூலப்பொருளான இமாட்டினிப், 'ஜிம்மர்மன்' என்ற பழைய பேட்டன்ட்டிலேயே இருந்தது. புதுசா உரிமை கேட்டது, அதன் உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்கு. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

அப்பீலில் நடந்தது

2009-ல் மேல்முறையீட்டு வாரியம், "புதுமை இருக்கு, ஆனா 3(டி) பிரிவைத் தாண்டலை" என்ற முடிவுக்கு வந்தது. தெரிஞ்ச பொருளின் புது வடிவம்னா, அதன் பலன் கூடியிருக்கணும் என்பதுதான் அந்தப் பிரிவு. எலிகளிடம் நடந்த சோதனையில் மருந்து உடம்பில் 30% கூடுதலா சேருதுன்னு கம்பெனி காட்டியது. "அது மட்டும் போதாது, நோயைத் தீர்க்கும் திறன் கூடணும்" என்று சொல்லி, 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றம் அப்பீலைத் தள்ளுபடி செய்தது.

கணக்கு

அப்போ க்ளிவெக் மாசத்துக்குச் சுமார் 1.2 லட்சமா இருந்தது. அதே மருந்தின் ஜெனரிக் சுமார் 10 ஆயிரமா இருந்தது. வருஷத்துக்குப் பார்த்தா 14.4 லட்சம், 1.2 லட்சம்! பெரும்பாலான நோயாளிகளுக்கு இலவசமா தர்றோம்னு கம்பெனி சொன்னது உண்மை. ஆனா தானத்தை நம்பி யாரும் குடும்ப பட்ஜெட் போட முடியாது.

உங்களுக்கு என்ன?

1. பாலிமர், கெமிக்கல் கம்பெனியில் ஆராய்ச்சி வேலையா? பழைய பேட்டன்ட்டைக் காட்டி நிராகரிச்சா, "எங்களுது வேற"ன்னு சொன்னா மட்டும் போதாது. எதில், எவ்வளவு மேல்னு டேட்டா வேணும். அப்பீலுக்கு 3 மாசம்தான் டைம். 2021-ல் அந்த வாரியம் கலைக்கப்பட்டதால, சென்னை ஆபீஸ் முடிவுன்னா இப்போ சென்னை உயர் நீதிமன்றம் போகணும்.

2. "பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சிருக்கோம்" என்ற செய்தியைப் பார்த்து ஷேர் வாங்காதீங்க. விண்ணப்பம் வேற, உரிமை வேற.

3. வீட்டில் மாசாமாசம் மருந்துச் செலவு இருக்கா? ஜெனரிக் இருக்கான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

அப்படிக் கேட்டு உங்க செலவு குறைஞ்சிருந்தா கமென்ட்ல சொல்லுங்க.